சில நேரம் எழும், சில நேரம் எழாது: கணினியின் பவர் பட்டனைச் சரிசெய்த பதிவு

பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நானே பூட்டிய கணினி அது. பல வருடம் ஒழுங்காக ஓடியது. கொஞ்ச நாளாகப் பவர் பட்டன் மட்டும் தகராறு செய்தது. அழுத்தினால் சில நேரம் உடனே எழும், சில நேரம் எந்தச் சலனமும் இருக்காது. இன்னொரு முறை சற்று ஓரமாக, சற்று அழுத்தமாக அழுத்தினால் விசிறி சுற்றத் தொடங்கிவிடும். எழுந்துவிட்டால் அப்புறம் நாள் முழுக்க ஒரு குறையும் இல்லை. தானாக அணைவதில்லை, தொங்குவதில்லை.

இப்போது முழுமையாகச் சரியாகிவிட்டது. பழுதானது ஒரு சின்ன ஸ்விட்ச்தான். ஆனால் இதே அறிகுறிக்கு எஸ்.எம்.பி.எஸ்-ஸை (கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) மாற்றுகிறவர்கள் உண்டு, மதர்போர்டையே மாற்றுகிறவர்களும் உண்டு. அந்தச் செலவுக்கு முன்னால் பழுது எந்தப் பக்கம் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள முடியும். அதற்காகத்தான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் நான் எஸ்.எம்.பி.எஸ் பக்கம்தான் போனேன். கணினி அணைந்திருந்தாலும், பின்னால் இருக்கும் சுவிட்ச் ஆன் ஆகியிருந்தால் எஸ்.எம்.பி.எஸ் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரத்தை மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பட்டனைக் கவனித்துக்கொண்டிருக்கும் பகுதி அதில்தான் உயிரோடிருக்கிறது. 24 பின் கனெக்டரில் 9-ஆவது பின், வழக்கமான வண்ணத்தில் ஊதா ஒயர். மல்டிமீட்டரின் சிவப்பு முனையை அதன் பின்பக்கமாகச் செருகி, கறுப்பு முனையை ஏதாவது ஒரு கறுப்பு ஒயரில் வைத்துப் பார்த்தேன். 5.06 வோல்ட். 4.75-க்கும் 5.25-க்கும் இடையில் இருக்க வேண்டும், இருந்தது. பட்டனை அழுத்தும்போதும் அது இறங்கவில்லை.

அடுத்து, கனெக்டரை மதர்போர்டிலிருந்து கழற்றிவிட்டு, எஸ்.எம்.பி.எஸ்-ஸை எழச் சொல்லும் 16-ஆவது பின்னான பச்சை ஒயரையும் கறுப்பு ஒயர் ஒன்றையும் சிறு கம்பித் துண்டால் இணைத்தேன். எஸ்.எம்.பி.எஸ் விசிறி சுற்றியது, 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் சரியாக வந்தன. சுமை குறைவாக இருக்கும்போது விசிறியை நிறுத்தி வைக்கும் மாடல்களும் இருப்பதால், விசிறி சுற்றவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது. மீட்டரில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்ப்பதே உறுதி. எஸ்.எம்.பி.எஸ் பெட்டியைத் திறக்க மட்டும் வேண்டாம். அதன் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆபத்தான அளவு மின்னழுத்தத்தை வைத்திருக்கக்கூடும்.

இத்தனையும் சரியாக இருந்தும் எனக்குத் திருப்தி வரவில்லை. சில நேரம் மட்டும் வரும் பழுதுக்கு, ஒருமுறை எடுத்த அளவு எதையும் நிரூபிக்காது. அளந்த நேரத்தில் அது நல்ல மூடில் இருந்திருக்கலாம். பட்டனை நூறு முறை அழுத்திப் பார்க்க வேண்டும், ஆனால் கணினியை நூறு முறை எழுப்பி அணைக்கவும் கூடாது.

வழி, கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டனைச் சோதிப்பதில் இருந்தது. இயங்கும் கணினியில் பவர் பட்டனைச் சும்மா தட்டினால் அந்தச் செய்தி இயங்குதளத்துக்குப் போகிறது. அதைப் பார்த்துத்தான் அது ஷட்டவுன் செய்கிறது. லினக்ஸில் பவர் பட்டனைக் கவனிக்கும் சேவையான லாகின்ட்-இன் அமைப்புக் கோப்பைத் திறந்து, 'ஹேண்டில் பவர் கீ' என்ற வரிக்கு 'இக்னோர்' என்று மதிப்புக் கொடுத்தேன். டெஸ்க்டாப் அமைப்புகளிலும் பவர் பட்டனுக்கு எதுவும் செய்யாதே என்று வைத்தேன். மறுபடி துவக்கியபின் பட்டனைத் தட்டினால் கணினி அணையாது, ஜர்னல் என்ற லினக்ஸின் நிகழ்வுப் பதிவில் மட்டும் பவர் கீ அழுத்தப்பட்டது என்று ஒரு வரி விழும். ஒரு திரையில் அந்தப் பதிவை ஓடவிட்டு, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு வரி வருகிறதா என்று பார்த்தேன். தட்டிவிட்டு விரலை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. 4 விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால், இயங்குதளம் என்ன சொன்னாலும் மதர்போர்டு மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

நடுவில் அழுத்தினால் ஏறக்குறைய பாதி அழுத்தங்களுக்கு வரி வரவில்லை. வலது ஓரத்தில் அழுத்தினால் நிறைய வந்தன. இடது ஓரத்தில் சுத்தமாக இல்லை. கணினி முழுமையாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் தொலைந்துபோகிறது என்றால், அதை எழுப்பும் வேலைக்கும் இந்தப் பழுதுக்கும் சம்பந்தமே இல்லை. எஸ்.எம்.பி.எஸ் பட்டியலிலிருந்து அங்கேயே போய்விட்டது. இந்தச் சோதனைக்கு ஒரு ஸ்க்ரூகூடக் கழற்ற வேண்டியதில்லை. வேறு யாராவது இதே குறையோடு வந்தால் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான்.

மீதி இருந்தவை மதர்போர்டில் சிக்னலை வாங்கும் பகுதி, அதிலிருந்து முன்பக்கம் போகும் ஒயர், ஸ்விட்ச், அதன்மேல் உட்காரும் பிளாஸ்டிக் பட்டன். மதர்போர்டை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்ப்பது எளிது. முன்பக்க ஒயர்கள் செருகும் ஹெடர், பெரும்பாலான போர்டுகளில் இரண்டு வரிசையாக 9 பின்களும் ஒரு வெற்றிடமும் கொண்டது. பரவலாக இருக்கும் அமைப்பில் 6, 8 பின்கள் பவர் ஸ்விட்சுக்கும் 5, 7 பின்கள் ரீசெட் ஸ்விட்சுக்கும். 10-ஆவது இடத்தில் பின் இருக்காது, அதை அடையாளமாக வைத்து எண்ணிக்கொள்ளலாம். இருந்தாலும் போர்டின் கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. பவர் ஸ்விட்ச் ஒயரைக் கழற்றிவிட்டு, சிறிய ஸ்க்ரூடிரைவர் முனையால் அந்த இரண்டு பின்களையும் ஒரு நொடி தொட்டேன். உடனே எழுந்தது. பின்களுக்கு நடுவே 2.54 மி.மீ. இடைவெளிதான் என்பதால், பக்கத்துப் பின்னைத் தொட்டுவிடாத மெல்லிய முனையாக இருக்க வேண்டும். குறிப்பாக 9-ஆவது பின்னில் சில போர்டுகளில் 5 வோல்ட் இருக்கும்.

ஸ்க்ரூடிரைவர் சோதனையும் ஒரு நேரத்து நிலையைத்தான் சொல்லும். அதனால் ரீசெட் பட்டனின் ஒயரை எடுத்துப் பவர் பின்களில் செருகிவிட்டேன். இரண்டுமே அழுத்தும்போது மட்டும் இணையும் ஒரே மாதிரி ஸ்விட்சுகள், இதில் பிளஸ் மைனஸ் பார்க்க வேண்டியதில்லை. கொஞ்ச காலம் ரீசெட் பட்டனை வைத்தே கணினியை எழுப்பினேன். ஒருமுறைகூடத் தவறவில்லை. மதர்போர்டு நல்லபடியாக இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். சால்டரிங் அயர்ன் (ஈயத்தை உருக்கி ஒட்டும் கருவி) இல்லாதவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். ஒரு காசும் செலவில்லாத நிரந்தரத் தீர்வு இது. எனக்குப் பட்டன் அதன் இடத்தில் வேலை செய்ய வேண்டும் என்று இருந்தது, அதனால் தொடர்ந்தேன்.

முன்பக்கப் பேனலைக் கழற்றினேன். கீழே விரல் விடும் பள்ளம் ஒன்று இருந்தது, அதைப் பிடித்து இழுத்தால் கிளிப்புகள் ஒவ்வொன்றாக விடுபட்டன. உள்ளே இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும் ஒரு குட்டி சர்க்யூட் பலகை, அதில் 6 × 6 மி.மீ. அளவில் நான்கு கால் ஸ்விட்ச். சில மவுஸ்களின் பக்கப் பட்டன்களில் வருகிற அதே வகைதான். பலகையைக் கையில் எடுத்து, மீட்டரை பீப் ஒலி நிலையில் வைத்து, ஸ்விட்சை விரலால் நேராக அழுத்தினேன். ஒவ்வொரு முறையும் பீப் வந்தது.

இங்கேதான் பலர் ஸ்விட்ச் நல்லது என்று முடிவுகட்டி ஒயரை மாற்றப் போவார்கள். நானும் ஒயர்மீது சந்தேகப்பட்டுக் கொஞ்ச நேரம் செலவிட்டேன். ஸ்விட்சின் மூலைக்கு மூலை எதிராக இருக்கும் இரண்டு கால்களைப் பலகையின் பின்புறம் ஒரு கம்பித் துண்டால் சேர்த்துவிட்டு, ஒயரின் மறுமுனையில் தடையை அளந்தேன். 0.3 ஓம். ஒயரை நெளித்தேன், முறுக்கினேன், முனையில் இருக்கும் கறுப்பு கனெக்டரை ஆட்டினேன். எண் அசையவில்லை. ஒயர் நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் பலகையைத் திரும்பப் பேனலில் பூட்டி, நிஜமாகப் பயன்படுத்தும் விதத்திலேயே, பிளாஸ்டிக் பட்டன் வழியாக அழுத்திப் பார்த்தேன். ஒயரின் மறுமுனை ஹெடரில் இல்லை, மீட்டரில் இருந்தது. இந்த முறை பீப் நிலையில் அல்லாமல் ஓம் நிலையில் வைத்தேன். என் மீட்டர் ஏறக்குறைய 50 ஓமுக்குக் கீழே வந்தால்தான் பீப் அடிக்கும். அடித்தால் இணைப்பு, அடிக்காவிட்டால் இணைப்பில்லை, நடுவில் நடப்பதை அது சொல்வதில்லை. ஓம் நிலையில் நடுவில் நடப்பது எல்லாம் தெரிந்தது. ஒரு அழுத்தத்துக்கு 2 ஓம், அடுத்ததற்கு 40, அதற்கடுத்து 15 கிலோ ஓமுக்கு அருகில் நின்று தள்ளாடிவிட்டு மேலே ஓடியது. விரலால் நேராக அழுத்தும்போது கிடைக்கிற பலம் பிளாஸ்டிக் வழியாக ஸ்விட்சுக்குப் போய்ச் சேரவில்லை. மெதுவாக அழுத்தினால் அதன் உள்தொடர்பு ஒழுங்காகச் சேரவில்லை.

இந்தத் தடை மதர்போர்டுக்கு எப்படித் தெரிகிறது என்றும் பார்த்துவிட நினைத்தேன். கணினி அணைந்து ஸ்டாண்ட்பையில் இருக்கும்போது இரண்டு பவர் பின்களுக்கு நடுவே 3.3 வோல்ட் இருந்தது. மீட்டரை மில்லி ஆம்பியர் நிலைக்கு மாற்றி அதே பின்களில் வைத்தபோது கணினி எழுந்தது, மீட்டர் 0.33 மில்லி ஆம்பியர் காட்டியது. அப்படியானால் போர்டின் உள்ளே சுமார் 10 கிலோ ஓம் தடை வழியாகத்தான் இந்த 3.3 வோல்ட் வருகிறது. ஸ்விட்ச் நன்றாக இணைந்தால் மின்னழுத்தம் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். 15 கிலோ ஓமில் அரைகுறையாக இணைந்தால் 2 வோல்ட் வரைதான் இறங்கும். இந்த வகைச் சுற்றுகள் பொதுவாக 0.8 வோல்ட்டுக்குக் கீழே வந்தால்தான் அழுத்தப்பட்டதாக எடுத்துக்கொள்ளும். கணக்குப் போட்டால், ஸ்விட்சின் தடை 3.2 கிலோ ஓமைத் தாண்டியதும் அழுத்தம் தொலைகிறது. ஸ்விட்ச் ஒயரை ஹெடரில் செருகிவிட்டு, மீட்டரை வோல்ட் நிலையில் வைத்து அழுத்தியபோது, எழாத அழுத்தங்களில் மீட்டர் 2 வோல்ட்டுக்குப் பக்கத்திலேயே நின்றது. அந்த எண்ணைப் பார்த்ததும் வந்த நிம்மதி பெரியது. பழுது இனி ஒரு ஊகம் இல்லை.

ஸ்விட்ச் ஏன் இப்படி ஆனது என்பதற்கும் அந்த 0.33 மில்லி ஆம்பியரில் பாதி பதில் இருக்கிறது. கொஞ்சம் கூடுதலான மின்னோட்டம் போகும் தொடர்புகளில், உலோகத்தின்மேல் படியும் மெல்லிய படலத்தை மின்னோட்டமே உடைத்துவிடும். இங்கே போவது அவ்வளவு சொற்பம். படிந்தது அப்படியே தங்கி, வருடக்கணக்கில் தடித்துக்கொண்டே போகிறது.

முதலில் மாற்றாமல் சுத்தம் செய்து பார்த்தேன். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஸ்விட்சின் தண்டைச் சுற்றியுள்ள இடைவெளியில் இரண்டு சொட்டு விட்டு, பலமுறை அழுத்தி அழுத்தி, நன்றாகக் காயவிட்டேன். தடை 1 ஓமுக்குக் கீழே வந்தது. ஜர்னல் சோதனையில் எல்லா அழுத்தமும் பதிவானது. சில வாரம் கழித்து அதே கதை திரும்பியது. கரைந்த அழுக்கு வெளியே வர வழியில்லை, இடம் மாறி உள்ளேயே உட்கார்ந்துவிடுகிறது. அவசரத்துக்கு ஓட்ட இந்த வழி போதும், நிலைக்கும் என்று நம்ப முடியாது.

சரி, மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். தேவைப்பட்டவை: 350 டிகிரி செல்சியஸில் வைத்த சால்டரிங் அயர்ன், கொஞ்சம் 63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கலந்தது), ஈயம் உறிஞ்சும் செம்புப் பின்னல், சிறிய கட்டர், மீட்டர், வெர்னியர் காலிப்பர். செலவில் ஸ்விட்சின் பங்கு மிகச் சொற்பம், அதைத் தனியாக ஒன்று வாங்குவதைவிடப் பத்துப் பன்னிரண்டாக வாங்குவதுதான் வசதி. ஏற்கெனவே கருவிகள் இருந்தால் மொத்த வேலையும் ஏறக்குறைய இலவசம். அயர்ன் வாங்கித்தான் செய்ய வேண்டும் என்றால், ரீசெட் பட்டன் வழியே சிக்கனம்.

பழைய ஸ்விட்சை முழுதாக எடுக்கப் பார்ப்பதில் ஒரு ஆபத்து உண்டு. இந்தக் குட்டிப் பலகைகள் மலிவான, ஒரே பக்கம் செம்பு உள்ளவை. சூடாக இருக்கும்போது இழுத்தால் செம்பு வட்டம் பலகையை விட்டு உரிந்து வந்துவிடும். நான் கட்டரால் நான்கு கால்களையும் ஸ்விட்சின் பக்கத்திலேயே வெட்டி உடலைத் தனியாக எடுத்துவிட்டேன். பிறகு ஒவ்வொரு காலிலும் கொஞ்சம் புது ஈயம் சேர்த்துச் சூடாக்கினால், இழுக்காமலே கால் சறுக்கி வெளியே வந்தது. பழைய ஈயத்தோடு புது ஈயம் சேரும்போது உருகுவது சுலபமாகிறது. மீதியைப் பின்னல் உறிஞ்சிக்கொண்டது.

புது ஸ்விட்சின் நான்கு கால்களில் இரண்டிரண்டு உள்ளுக்குள்ளேயே சேர்ந்திருக்கும். ஒட்டுவதற்கு முன் மீட்டரில் எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டேன். துளைகளின் இடைவெளி ஒரு பக்கம் 6.5 மி.மீ., இன்னொரு பக்கம் 4.5 மி.மீ. என்பதால் திருப்பி மாட்ட வாய்ப்புக் குறைவு. இருந்தாலும் காலை வளைத்து நுழைத்தால் நுழைந்துவிடும்.

கையில் இருந்தது 5 மி.மீ. உயரமுள்ள ஸ்விட்ச். பழையது 4.3 மி.மீ. பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அதையே ஒட்டிப் பேனலை மூடினேன். அழுத்தினேன், உடனே எழுந்தது. 4 விநாடியில் அணைந்தது. பேனலைக் கழற்றினால் எல்லாம் சரி, மூடினால் மறுபடி எழுந்து அணைகிறது. 4 விநாடி என்ற எண்தான் துப்புக் கொடுத்தது. பிளாஸ்டிக் பட்டன் முழுதாகத் திரும்பி வராமல் ஸ்விட்சை அழுத்திக்கொண்டே நிற்கிறது, மதர்போர்டு அதைக் கட்டாய அணைப்பு என்று எடுத்துக்கொள்கிறது. ஒயரின் முனையில் மீட்டரை வைத்து, பட்டனை அழுத்தி விரலை எடுத்துப் பார்த்தேன். விரலை எடுத்த பிறகும் இணைப்பு காட்டியது. இந்த ஸ்விட்சுகளின் தண்டு உள்ளே போகும் தூரமே சுமார் 0.25 மி.மீ.தான். 0.7 மி.மீ. கூடுதல் உயரம் அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. எழுந்து உடனே அணையும் கணினிக்கு மதர்போர்டு போய்விட்டது என்று சொல்வதற்கு முன், பட்டன் சிக்கியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

4.3 மி.மீ. ஸ்விட்சை வாங்கி மறுபடி மாற்றினேன். இரண்டாவது முறை சூடாக்கியதில் ஒரு செம்பு வட்டம் லேசாகத் தூக்கியது. அந்தக் காலை, அதே தடத்தின் அடுத்த புள்ளியோடு மெல்லிய ஒயரால் சேர்த்துவிட்டேன். பேனலை மூடியபின் விரல் படாத நிலையில் மீட்டர் திறந்த சுற்று காட்டியது. அழுத்தினால் ஒயரின் தடையும் சேர்த்து 0.4 ஓம். நடு, இடது, வலது, மேல், கீழ் என்று எங்கே எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும் அதே எண். பேனலை மாட்டிவிட்டு, ஜர்னலை ஓடவிட்டு மறுபடி தட்டினேன். ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு வரி. அதன்பிறகுதான் லாகின்ட் கோப்பைப் பழையபடி மாற்றி வைத்தேன்.

பழைய ஸ்விட்சின் தகட்டு மூடியைக் கத்தி முனையால் நெம்பித் திறந்து பார்த்தேன். உள்ளே வளைந்த சிறு உலோக வில்லையும், அது வந்து தொடும் நடுப் புள்ளியும் இருக்கின்றன. வில்லையின் நடுவில் கருத்த வட்டம், அதன் ஒரு ஓரம் மட்டும் பளபளப்பாகத் தேய்ந்திருந்தது. வலது ஓரத்தில் அழுத்தினால் கூடுதலாக வேலை செய்ததற்கு அந்த ஓரமே காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்த முறை என்றால் வரிசையை மாற்றுவேன். எஸ்.எம்.பி.எஸ்-ஸைத் தொடவே மாட்டேன். முதலில் ஜர்னல் சோதனை, அதில் அழுத்தம் தொலைந்தால் ரீசெட் ஒயரை மாற்றிச் செருகுவது, அப்புறம் பிளாஸ்டிக் வழியாகவே ஓம் அளவு. சுத்தம் செய்து பார்க்காமல் நேராக ஸ்விட்சை மாற்றுவேன். ஸ்விட்ச் வாங்கும் முன் பழையதன் உயரத்தைப் பலகை மட்டத்திலிருந்து தண்டின் நுனி வரை காலிப்பரில் அளப்பேன். அழுத்தும் பலமும் இரண்டு மூன்று விதமாக வருகிறது. 260 கிராம் விசை கேட்பதைவிட 160 கிராம் வகை, நீளமான பிளாஸ்டிக் கை வழியாக அழுத்தும் கேபினெட்டுகளுக்குப் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். ரீசெட் ஸ்விட்சும் இதே வயதுடையது. அடுத்து பேனலைக் கழற்றும்போது அதையும் மாற்றிவிடுவேன், 4.3 மி.மீ. ஸ்விட்சுகள் இன்னும் மீதி இருக்கின்றன.